யாரும் பிறப்பிக்காத விடுமுறை

காஷ்மீர் மாணவர்கள் திடீர் விடுமுறைகளை நிறையவே பார்த்துவிட்டார்கள். அவர்கள் கொண்டாடுவது என்னவோ பனி கொண்டுவரும் விடுமுறையைத்தான்.

ஜன்னலைத் திறப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும். தெருவில் ஆட்டோ ஓசை இல்லை, நாய்கள்கூடக் குரைக்கவில்லை. இரவு முழுக்கப் பெய்த பனி ஊரின் சத்தத்தையெல்லாம் விழுங்கிவிட்டிருக்கும். எப்போதாவது தகரக் கூரையிலிருந்து பனிப்பாளம் சரிந்து விழும் 'தொம்' என்ற ஓசை மட்டும் கேட்கும்.

2024 டிசம்பர் 28-ந் தேதி ஸ்ரீநகர் இப்படித்தான் விழித்தது. விமானங்கள் ரத்து. ஜம்மு நெடுஞ்சாலை மூடல். பனிஹால் - பாராமுல்லா ரயில் நிறுத்தம். காஷ்மீர் பல்கலைக்கழகம் அன்றைய தேர்வுகளைத் தள்ளிவைத்தது. தேர்வுக்காக விடிய விடியப் படித்தவர்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி எது? (படிக்காதவர்களுக்கு இன்னும் இனிப்பு.) புத்தகம் மூலைக்குப் போகிறது. ஃபெரன் அங்கிக்குள் காங்கிரிக் கணப்புச் சட்டியை அணைத்தபடி பெரியவர்கள் உப்புத் தேநீருக்கு உட்கார, சிறுவர்கள் பனி மனிதனுக்கு மூக்காக வைக்கக் கேரட் தேடிச் சமையலறைக்குள் நுழைகிறார்கள்.

முதல் பனிக்கென்று பள்ளத்தாக்கில் ஒரு விளையாட்டு உண்டு. கொஞ்சம் பனியைப் பொட்டலமாகக் கட்டி, பரிசு என்று சொல்லி நண்பருக்கோ சம்பந்தி வீட்டுக்கோ கொடுத்தனுப்புவார்கள். ஏமாந்து வாங்கிக்கொண்டவர் விருந்து வைக்க வேண்டும். உஷாராகி, கொண்டுவந்த ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் விருந்துச் செலவு அனுப்பியவர் தலையில். புது மருமகன்தான் இதற்கு வாகான இலக்கு. பனி விழும்போது குழந்தைகள் பாடும் பாட்டு ஒன்றில் பனியை இன்னும் விழச் சொல்லி, கூடவே மாமாவையும் வரச் சொல்வார்கள். மாமாவையும் விருந்தையும் பிரிக்க முடியாது என்பது தமிழர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

இது நேற்று முளைத்த வழக்கமும் அல்ல. கல்ஹணர் 12-ம் நூற்றாண்டில் 'ராஜதரங்கிணி'யை எழுதியபோது ஆதாரமாகக் கொண்ட நூல்களில் ஒன்று 'நீலமத புராணம்'. காஷ்மீரின் விழாக்களைப் பட்டியலிடும் அந்தப் பழைய நூலில் புதுப்பனி விழும் நாளும் ஒரு விழா. இமயத்தை வழிபட வேண்டும். கனத்த ஆடை உடுத்திப் பனிமேல் உட்கார வேண்டும். பாட்டும் ஆட்டமும் வேண்டும். குடிப்பவர்கள் புது மது அருந்தலாம். விடுமுறைக்கு இதைவிட விரிவான நிகழ்ச்சி நிரலை எந்த அரசாணையும் தந்ததில்லை.

இந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் வேறொரு கணக்கும் இருக்கிறது. 2014 செப்டம்பரில் வெள்ளம் வந்து பள்ளிகள் மூடின. 2016 ஜூலையில் புர்ஹான் வானி கொல்லப்பட்ட பிறகு மாதக்கணக்கில் மூடின. 2019 ஆகஸ்டில் 370-வது பிரிவு நீக்கம், மறுபடி பூட்டு. 2020 பிப்ரவரி கடைசியில் வகுப்புகள் ஆரம்பித்து மூச்சு விடுவதற்குள் கொரோனா. ஹர்த்தால், ஊரடங்கு, ஊரடங்கை எதிர்த்து ஹர்த்தால் என்று வளர்ந்த தலைமுறைக்குப் 'பள்ளி இல்லை' என்பதே வயிற்றைக் கலக்கும் செய்தி. அப்படிப்பட்ட நாட்களில் பிள்ளைகளைத் தெருவுக்கு விட எந்தத் தாயும் துணிய மாட்டாள். பனி நாளில் வெளியே விரட்டுகிறவளே அவள்தான். பனியை எந்தக் கட்சியும் அறிவிப்பதில்லை, எந்த அதிகாரியும் பிறப்பிப்பதில்லை.

எல்லோருக்கும் பனி விருந்தாகிவிடுவதும் இல்லை. தினக்கூலிக்காரருக்கு விடுமுறை என்றால் கூலி இல்லை என்றுதான் பொருள். மின்சாரம் போகும், குழாய் உறையும், பிரசவ வலி எடுத்த பெண்ணைக் கட்டிலோடு தூக்கிச் செல்ல நேரும். 2018, 2019 இரண்டு ஆண்டுகளிலும் நவம்பர் முதல் வாரத்திலேயே பனி கொட்டியது. ஆப்பிள் மரங்கள் இலை உதிர்த்திராத நேரம். இலைகளில் பனி தங்கி, பாரம் தாங்காமல் கிளைகள் முறிந்தன. பலன் தரப் பல ஆண்டுகள் பிடிக்கும் மரங்கள் ஒரே இரவில் பிளந்து நின்றன. நகரத்துப் பிள்ளைகள் பனிப்பந்து எறிந்துகொண்டிருந்தபோது சோபியானில் தோட்டக்காரர்கள் கம்பால் கிளைகளைத் தட்டிப் பனியை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்காகப் பனி வேண்டாம் என்று அவர்களும் சொல்ல மாட்டார்கள். டிசம்பர் 21-ல் தொடங்கும் 'சில்லை கலான்' என்ற நாற்பது நாள் கடுங்குளிரில் மலையில் விழும் பனிதான் கெட்டியாகத் தங்கி, கோடையில் உருகி ஓடைகளில் வரும். நெல்லுக்கும் ஆப்பிளுக்கும் அதுவே தண்ணீர். 2024 ஜனவரியில் பெரும்பகுதி நாட்கள் குல்மார்க் சரிவுகள் பழுப்பாகக் கிடந்தன. பள்ளத்தாக்கில் மழை, பனி வேண்டித் தொழுகைகள் நடந்தன.

2025-லும் அதே கவலை. பனி போதவில்லை என்று பிப்ரவரி 22-ல் குல்மார்க்கில் தொடங்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைத் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைத்த சில நாட்களிலேயே கொட்ட ஆரம்பித்தது. மார்ச் 9-ல் போட்டிகள் தொடங்கின. இடையில் இன்னொன்றும் நடந்தது. குளிர்கால விடுமுறை முடிந்து மார்ச் 1-ல் திறக்க வேண்டிய பள்ளிகளுக்கு மேலும் ஆறு நாள் விடுப்பு. புதிதாக உறை போட்ட நோட்டுகள் பையிலேயே இருந்தன.