பிறர் குருதியில் வாழும் குழந்தைகள்

தலசீமியா என்னும் பரம்பரை வியாதியோடு பிறந்த குழந்தையின் உடல், தனக்கு வேண்டிய செங்குருதி அணுக்களைச் செவ்வனே உண்டாக்கிக்கொள்ள இயலாததாகையால், இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பிறருடைய இரத்தத்தை ஏற்றியே அதனைக் காக்க வேண்டியிருக்கிறது. திருவரங்குளத்தில் அப்படியொரு குழந்தை இருக்குமானால், புதுக்கோட்டை அரசு மருத்துவமனைக்குப் பேருந்தேறிச் செல்வது அதன் பெற்றோருக்கு வாழ்நாள் நியதியாகிவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டாலும், பத்து வயதுக்குள் சுமார் 150 பேருடைய இரத்தம் அந்தப் பிஞ்சு உடலில் கலந்திருக்கும். ஜீவனைக் கொண்டுவரும் அதே இரத்தம் ரோகத்தையும் கொண்டுவந்துவிடலாகாதே என்ற கவலை, அத்தனை முறையும் அந்தப் பெற்றோரைத் தொடர்ந்து வருகிறது.

அக்கவலையைத் தணிக்க நம் தேசத்தில் சட்டம் இருக்கிறது. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் எய்ட்ஸ் கிருமியாகிய எச்.ஐ.வி.யை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். அதன்பின் தானமாகப் பெறும் இரத்தத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயமாயிற்று, இன்று அதனோடு ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும் ஒவ்வொரு பைக்கும் நடைபெற வேண்டும். உச்ச நீதிமன்றம் 1996-ல் அளித்த தீர்ப்பினால், காசுக்கு இரத்தம் விற்கும் வழக்கம் 1998 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டது.

ஆயினும் பரிசோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. கிருமி உடலுக்குள் புகுந்தவுடனே பரிசோதனையில் அகப்பட்டுவிடுவதில்லை. எலைசா என்னும் சாதாரணப் பரிசோதனை முறையில் எச்.ஐ.வி. புலப்படுவதற்குச் சில வாரங்கள் செல்லும். ஹெபடைடிஸ் சி கிருமிக்கோ இன்னும் அதிக காலம் பிடிக்கும். கிருமியின் மரபணுவையே தேடிக் காணும் நாட் பரிசோதனை இந்த இடைவெளியை வெகுவாகக் குறைக்கிறதேயன்றி அடியோடு நீக்குவதில்லை. அதுவும் எல்லா ரத்த வங்கிகளிலும் இன்னும் நடைபெறுவதில்லை.

இந்த அபாயம் வெறுங் கற்பனையன்று. 2011-ல் குஜராத்தின் ஜூனாகட்டிலும், 2025-ல் ஜார்க்கண்டின் சாய்பாசாவிலும், தலசீமியாக் குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. தொற்றியிருப்பது கண்டு தேசம் பதறியது. நம் மாநிலத்திலேயே, 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்ட இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அதைக் கொடுத்த இளைஞர் 2016-ல் கொடுத்த இரத்தத்திலேயே கிருமி தென்பட்டிருந்தும், அச்செய்தி அவரை எட்டவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் உண்மை தெரிந்ததும் அவராகவே வந்து தெரிவித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அங்கே தவறியது பரிசோதனைக் கருவி மட்டுமன்று. சொல்லப்பட வேண்டிய ஓர் உண்மை உரிய காலத்தில் உரியவரிடம் போய்ச் சேராததும் அந்த அனர்த்தத்துக்கு வழிவகுத்தது.

பையில் வரும் கிருமியே அன்றி, குழந்தையின் உடலில் விளையும் பலவீனமும் ஒன்று உண்டு. ஒவ்வொரு பை இரத்தத்தோடும் சுமார் 200 மில்லிகிராம் இரும்புச்சத்து உட்சென்று, வெளியேற வழியின்றி, கல்லீரலிலும் இதயத்திலும் படிகிறது. மிகுந்த இரும்பு சில கிருமிகளுக்கு ஆகாரமாகவும் ஆகிறது. சிகிச்சைக்காக மண்ணீரல் அகற்றப்பட்ட குழந்தைக்கோ நிமோனியா போன்ற தொற்றுகள் சில மணி நேரத்திலேயே உயிருக்கு உலை வைக்கக்கூடும். ஆகவே அப்படிப்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், பொழுது விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும், மண்ணீரல் அகற்றுவதற்கு முன்பே போட வேண்டிய தடுப்பூசிகளும், இரும்பை வெளியேற்றும் மருந்தும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் தொற்றுப் பரிசோதனையும் தவறலாகாது. இரத்தம் ஏறும்போது குளிரோ நடுக்கமோ கண்டால் செவிலியரை அந்தக் கணமே அழைக்க வேண்டும். ஏற்றிய ஒவ்வொரு பையின் எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்துவைத்தால், பின்னர் ஐயம் எழும்போது மூலத்தைத் தேடிக் காண அது உதவும்.

எனினும் பெற்றோரின் விழிப்பு ஒன்றே போதாது. உறவினருக்காக நிர்ப்பந்தத்தில் இரத்தம் கொடுப்பவர், நாலு பேர் முன்னிலையில் தம்மைப் பற்றிய உண்மையை மறைக்கக்கூடும். எவருடைய வற்புறுத்தலுமின்றி, ஆண்கள் மூன்று மாதத்துக்கும் பெண்கள் நான்கு மாதத்துக்கும் ஒருமுறையாகத் தொடர்ந்து கொடுப்பவருடைய இரத்தமோ ஒவ்வொரு முறையும் சோதிக்கப்பட்டு, நம்பிக்கைக்கு உரியதாகிறது. திருவரங்குளம் போன்ற ஊர்களின் இளைஞர்கள் இப்படித் தவறாமல் கொடுக்க முன்வர வேண்டும். இரத்தம் கொடுக்கும் இடத்தில் கேட்கப்படும் அந்தரங்கமான கேள்விகளுக்கு ஒளிவுமறைவின்றி விடை கூறவேண்டும். தம்மிடத்தில் சிறிது சந்தேகம் இருந்தாலும், அன்று கொடுக்காமல் திரும்புவதை அவமானமாக எண்ணலாகாது. ரத்த வங்கியும் இரத்தம் கொடுப்பவர் சொல்வதை ரகசியமாகக் காத்து, பரிசோதனையில் கண்டதை அவருக்குத் தவறாமல் தெரிவிக்க வேண்டும். இரத்தம் கொடுப்பது தர்மம் என்றால், அதனோடு உண்மையைக் கொடுப்பதும் அத்தருமத்தின் பாதியாகும்.