காட்டுக்குத் திரும்பும் குடும்பங்கள்

கனடாவின் தொல்குடி மக்களிடையே கடந்த சில பத்தாண்டுகளாக வலுப்பெற்றுவரும் ‘நிலம்சார் குணப்படுத்தல்’ என்பது, மனக்காயம் பட்டவரை மருத்துவரின் அறையில் அமர்த்திப் பேசவைப்பதோடு நிற்காமல், மூத்தோர் துணையுடன் முன்னோரின் வேட்டைக்காட்டுக்கு அழைத்துச் சென்று, அங்கே பிழைப்பதற்குரிய வேலைகளைக் கற்கவும் செய்யவும் வைத்து, அவரையும் அவர் குடும்பத்தையும் தேற்றும் முறையாகும். இயற்கைச் சூழலில் ஓய்வெடுத்தால் மனம் இலேசாகும் என்ற பொதுக் கருத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தொல்குடியினருக்கு நிலம் என்பது பெற்றோர் பிள்ளைகளுக்கு மொழியையும் தொழிலையும் நடத்தையையும் கைமாற்றித் தந்த இடம். அந்தக் கைமாற்றமே திட்டமிட்டு அறுக்கப்பட்டதால், அறுந்த இழையை முடிந்து தொடர்வதற்கும் அந்த இடமே தேவைப்படுகிறது.

அறுத்த கருவி உறைவிடப் பள்ளி. தமிழ்நாட்டு வாசகருக்கு இச்சொல், எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உணவும் படிப்பும் தரும் அரசுப் பள்ளியை நினைவூட்டக்கூடும். கனடாவிலோ அது, அரசு பணம் தர, கிறித்தவத் திருச்சபைகள் நடத்த, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்தும் தாய்மொழியிலிருந்தும் பிரிப்பதையே நோக்கமாகக் கொண்டு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இயங்கிய அமைப்பாகும். ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் அவற்றின் வழியே கடந்தனர். கடைசிப் பள்ளிகள் 1990களின் பிற்பகுதியில்தான் மூடப்பட்டன. 2008இல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். முர்ரே சின்கிளேர் தலைமையிலான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், இக்கொள்கையைப் பண்பாட்டு இன அழிப்பு என்று 2015இல் வரையறுத்து, 94 செயல் அழைப்புகளை முன்வைத்தது; தொல்குடியினரின் குணப்படுத்தும் மரபுகளின் மதிப்பை மருத்துவத் துறை ஏற்று, நோயாளி கேட்கும்போது அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்பது அவற்றுள் 22ஆவது. அடியும் பசியும் ஒருபுறமிருக்க, குழந்தை வளர்ப்பதைப் பார்த்தே அறியாத ஒரு தலைமுறை பெற்றோர் ஆனதுதான் இப்பள்ளிகள் விட்டுச்சென்ற நீண்ட தீங்கு. காயம் ஒருவரோடு முடியாமல் பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்குவதைத் ‘தலைமுறை கடந்த அதிர்ச்சி’ என்று உளவியல் குறிப்பிடுகிறது.

இது எவ்வாறு நிகழ்ந்தது, எவ்வாறு ஆறத் தொடங்கியிருக்கிறது என்பதை அறிய, கியூபெக் மாகாணத்தின் வடக்கே ஜேம்ஸ் விரிகுடாக் கரையில் உள்ள சிசாசிபி என்ற, கிரீ தொல்குடியினரின் ஊரை நோக்கலாம். கிரீ மொழியில் ‘பேராறு’ என்று பொருள்படும் பெயருடைய இவ்வூரின் மக்கள், முன்பு லா கிராண்ட் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள ஃபோர்ட் ஜார்ஜ் தீவில் குடியிருந்தனர். அந்தச் சிறு தீவிலேயே கத்தோலிக்கப் பள்ளி ஒன்றும் ஆங்கிலிக்கன் பள்ளி ஒன்றுமாக இரண்டு உறைவிடப் பள்ளிகள் இயங்கின. பெற்றோர் குளிர்காலம் முழுவதும் உள்நாட்டு வேட்டைக்காடுகளில் இருக்க, பிள்ளைகள் பள்ளிச் சுவர்களுக்குள் இருந்தனர். 1971இல் மாகாண அரசு கிரீ மக்களைக் கேளாமலே மாபெரும் நீர்மின் திட்டத்தை அறிவித்தது. வழக்குகளுக்குப் பின் 1975இல் ஜேம்ஸ் விரிகுடா மற்றும் வட கியூபெக் ஒப்பந்தம் கையெழுத்தானாலும் அணைகள் எழுந்தன. வேட்டைக்காடுகள் பல மூழ்கின. நீர்த்தேக்கங்களில் அழுகிய தாவரங்களால் மீன்களில் பாதரசம் ஏறியது. ஆற்றின் போக்கு மாறினால் தீவு அரிக்கப்படும் என்ற அச்சத்தால் ஊரே 1980-81இல் தென்கரைக்குப் பெயர்க்கப்பட்டது. பள்ளி பிள்ளையைக் காட்டிலிருந்து பிரித்தது என்றால், அணை காட்டையே எடுத்துக்கொண்டது. இவ்விரண்டையும் சேர்த்துப் பாராமல், அங்கே பரவிய குடியையும் குடும்ப வன்முறையையும் தனிமனிதக் குறையாகக் காண்பது பெரும் பிழை.

அவ்வூரில் எடி பாஷ் என்ற மூத்தவரின் அனுபவத்தையும் அறிவையும் அடிப்படையாகக் கொண்டு 2012 அளவில் நிலம்சார் குணப்படுத்தல் திட்டம் ஒன்று உருவானது. சிறு குழுவாகக் காட்டு முகாமுக்குச் செல்வோர் அங்கே விறகு வெட்டவும், தண்ணீர் சுமக்கவும், வலை பார்க்கவும், ஸ்புரூஸ் மரத்தின் கிளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூடாரத்துக்குத் தரை அமைக்கவும் வேண்டும். அத்தரை காய்ந்து உதிரத் தொடங்கியதும் புதுக் கிளை பரப்பப்படும். கூடாரம் முழுவதும் பசுமணம் நிறையும். நூலில் கட்டித் தீக்கு அருகே தொங்கவிட்ட காட்டு வாத்து மெல்லச் சுழன்று வேக, அதன் கொழுப்பு கீழே வைத்த பாத்திரத்தில் சொட்டும். கைகளுக்கு வேலை இருக்கும் இத்தகைய பொழுதில், முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்லமுடியாதவை தாமே வாய்க்கு வரும். மூத்தவர் அறிவுரை சொல்வதைவிட அருகிலிருந்து கேட்பதே மிகுதி.

‘உடல்நலம்’ என்பதற்கு நேரான தனிச்சொல் கிரீ மொழியில் இல்லை என்றும், ‘நன்றாக உயிர்த்திருத்தல்’ என்று பொருள்படும் ‘மியுபிமாதிசீயுன்’ என்பதே அதற்கு மிக நெருங்கியது என்றும் மானிடவியலர் நவோமி அடெல்சன் விளக்கியுள்ளார். வேட்டையாட முடிவதும், காட்டு உணவு கிடைப்பதும், குளிரில் கதகதப்பாக இருப்பதும் அச்சொல்லுக்குள் அடங்கும். இச்சொல்லை வைத்துப் பார்த்தால், காட்டு முகாம் மருத்துவத்துக்கு மாற்று என்பதைவிட, நலம் என்பதன் பொருளுக்கே திரும்புதல் என்பது பொருந்தும்.

இதில் கல்வி எங்கே வருகிறது என்பதற்கு ‘வெளிநடைச் சடங்கு’ தெளிவான விடை. நடக்கத் தொடங்கிய குழந்தையின் கால், இச்சடங்கு முடியும்வரை, கூடாரத்துக்கு வெளியே தரையில் பாவக் கூடாது என்பது மரபு. விடியற்காலையில், கிழக்கு நோக்கிய வாயில் வழியே, ஸ்புரூஸ் கிளைகள் பரப்பிய பாதையில், பெரியவர் கைப்பிடித்துக் குழந்தை முதன்முறையாக வெளியே நடக்கும். ஆண் குழந்தையின் கையில் சிறு மரத்துப்பாக்கி, பெண் குழந்தையின் கையில் சிறு கோடரி. ஒரு மரம்வரை சென்று திரும்பி, கொண்டுவந்ததை உள்ளே வட்டமாக அமர்ந்திருக்கும் மூத்தோரிடம் கொடுக்கும். பேசப் பழகுமுன்பே, தேடிக்கொண்டு வந்ததைப் பகிர வேண்டும் என்பது பாடமாகிவிடுகிறது. 1975 ஒப்பந்தத்தின் வழியே கிரீ மக்கள் தாமே நடத்தத் தொடங்கிய பள்ளி வாரியம், இளவேனிலில் வாத்துகள் வடக்கே வரும் காலத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் பள்ளிகளுக்கு விடுமுறை விடுகிறது. அந்நாள்களில் பாட்டன், தந்தை, பேரன் என மூன்று தலைமுறையும் ஒரே மறைவிடத்தில் வாத்துகளுக்காகக் காத்திருக்கும்.

தொல்குடியினர் அனைவருக்கும் ஒரே சடங்கு பொருந்தும் என்று எண்ணுவதும் தவறு. மேற்குச் சமவெளி மக்களிடம் பரவலான, சூடான கற்களில் நீர் தெளித்து ஆவியில் அமரும் வியர்வைக் குடில், கிறித்தவத்தில் ஊன்றிய ஜேம்ஸ் விரிகுடா மூத்தோர் பலருக்கு அயலானது. ஆனால் தேவாலயம் செல்பவரும் செல்லாதவரும் வேட்டைக்காட்டில் ஒன்றுபடுகின்றனர்.

இம்முறையால் விளையும் பயனை மருந்தின் பயனைப்போல் அளந்துகாட்டுவது எளிதன்று. எனினும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மைக்கேல் சாண்ட்லரும் கிறிஸ்டோஃபர் லலோண்டும் ஏறத்தாழ 200 தொல்குடிச் சமூகங்களை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வு மிக முக்கியமானது. நிலவுரிமைக்குப் போராடி, பள்ளியையும் நலவாழ்வுப் பணிகளையும் பண்பாட்டு மையங்களையும் தம் கையில் வைத்திருந்த சமூகங்களில் இளையோர் தற்கொலை மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருந்ததை அது காட்டியது.

பிள்ளைகளைப் பிரிப்பது பள்ளிகளோடு முடிந்துவிடவில்லை. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 14 வயதுக்குட்பட்டோரில் தொல்குடிப் பிள்ளைகள் 7.7 விழுக்காடே, வளர்ப்பு இல்லங்களில் இருப்போரிலோ அவர்கள் 53.8 விழுக்காடு. குழந்தைநலத்தில் தொல்குடிகளின் தன்னாட்சியை ஏற்கும் கூட்டாட்சிச் சட்டம் 2020 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்திருப்பினும், ஓராண்டுக்கு ஒருமுறை மனுப் போட்டுப் பெறும் நிதியைக் கொண்டு எந்த முகாமும் குடும்பங்களைத் தொடர்ந்து தாங்க இயலாது. அதற்கு உறுதியான வழி 1975 ஒப்பந்தத்திலேயே இருக்கிறது: வேட்டையையும் மீன்பிடிப்பையும் வாழ்க்கையாகக் கொண்ட கிரீ குடும்பங்களுக்கு, காட்டில் கழிக்கும் நாள்களைக் கணக்கிட்டு, கருணைத்தொகையாக அல்லாமல் உரிமையாகப் பணம் வழங்கும் வருமானப் பாதுகாப்புத் திட்டம் 1976 முதல் இயங்கிவருகிறது.