ஒரு மீட்டர் லாபி

“அண்ணே, கோட்டைத் தாண்டுனவன் ஒருத்தன். அவன்கூட சேர்ந்து நாலு பேரு அவுட்டு. இது எந்த ஊரு நியாயம்?”

மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்பை ஒட்டிய டீக்கடை. முதல் ஷிப்டு முடிந்து தொழிற்பேட்டை ஆட்கள் கூடுகிற நேரம். கேட்ட தம்பி லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர், கையில் கட்டிங் ஆயில் கறுப்பு இன்னும் போகவில்லை. வேலை இல்லாத நேரத்தில் கபடி, அதிலும் இடது கார்னர். பொங்கலுக்கு நடக்கும் போட்டிக்கு அவர் அணி பேர் கொடுத்திருக்கிறது. போனில் ஒரு பழைய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி, ஆண்கள் கபடி இறுதி ஆட்டம், இந்தியாவுக்கும் ஈரானுக்கும். தேதி 2023 அக்டோபர் 7.

“உக்காருங்க, சொல்றேன்” என்று இரண்டு டீ சொன்னேன். மேஜையின் எவர்சில்வர் தகட்டில் யாரோ சிந்திவிட்டுப் போன டீ இருந்தது. அதில் விரலைத் தொட்டு ஒரு நீளக் கட்டம் போட்டேன்.

ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஆனால் அந்தப் பத்து மீட்டரும் ஆட்டத்துக்குக் கிடையாது. இந்த ஓரத்தில் ஒரு மீட்டர், அந்த ஓரத்தில் ஒரு மீட்டர், இரண்டும் லாபி. நடுவில் இருக்கும் 8 மீட்டர்தான் ரெய்டு தொடங்கும்போது களம். பாடி வருகிறவரின் கை கால் எதிரணியில் ஒருவர் மேல் பட்டுவிட்டால், அல்லது அவர்கள் இவரைத் தொட்டுவிட்டால், அந்த நொடியில் லாபியும் களமாகிவிடும். கடை ஷட்டர் மாதிரி. தொடுகிற வரைக்கும் மூடியிருக்கும், தொட்டதும் திறந்துகொள்ளும்.

ஏன் இந்தச் சுற்றுவழி? காலைப் பிடித்து ஒருவர் தொங்குகிறார், இடுப்பை இருவர் கட்டுகிறார்கள், பாடி வந்தவர் நடுக்கோட்டை நோக்கி உடம்பை நீட்டுகிறார். நான்கு பேரின் எடை சேர்ந்து எந்தப் பக்கம் சாயும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மல்லுக்கட்டுக்கு இடம் வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பிடியும் கோட்டுக்கு வெளியே போய்ச் செத்துவிடும். லாபி என்பது சண்டைக்கு ஒதுக்கிய இடம், ஓடுவதற்கு ஒதுக்கியது அல்ல.

தம்பிக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்த விஷயத்தையும் ஒருமுறை வரிசையாகச் சொல்லிவிட்டால்தான் எனக்கு அடுத்தது வரும், பழக்கதோஷம்.

இப்போது வீடியோவுக்கு வருவோம். ஸ்கோர் 28-28. ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். இந்திய அணித்தலைவர் பவன் செராவத், வெறுங்கையோடு திரும்பினால் அவுட் என்கிற டூ ஆர் டை ரெய்டு போகிறார். புரோ கபடி லீக்கில் நம் தமிழ் தலைவாஸ் 2022-ல் 2.26 கோடிக்கு எடுத்து, முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு உட்கார்ந்தாரே, அவரேதான். யாரையும் தொடாமல் லாபிக்குள் கால் வைத்துவிடுகிறார். அவரைத் துரத்திக்கொண்டு ஈரானின் தடுப்பாளர்கள் நான்கு பேரும் லாபிக்குள் இறங்கிவிடுகிறார்கள்.

பவன் அவுட், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த நான்கு பேர்?

பழைய விதி சொல்வது இது. தொடுதல் நடக்காதவரை லாபி களம் கிடையாது. களம் இல்லாத இடத்தில் யார் கால் வைத்தாலும் அவர் அவுட். பாடி வந்தவருக்கு ஒரு சட்டம், பிடிக்க வந்தவருக்கு ஒரு சட்டம் என்று கிடையாது. ஆக இந்தியாவுக்கு 4, ஈரானுக்கு 1. புரோ கபடியில் இதை மாற்றிவிட்டார்கள். பாடி வந்தவர் லாபியில் கால் வைத்த நொடியிலேயே ரெய்டு முடிந்துவிட்டது, முடிந்த பிறகு யார் எங்கே ஓடினால் என்ன என்பது புதிய கணக்கு. அவர் மட்டும் அவுட்.

இரண்டுமே நேர்மையான விதிகள்தான். ஒன்று இடத்தைப் பார்க்கிறது, இன்னொன்று நேரத்தைப் பார்க்கிறது. கெட்டுப்போனது எங்கே என்றால், அன்று நடுவர்கள் மேஜையில் இரண்டும் ஒரே நேரத்தில் கிடந்ததுதான். தீர்ப்பு ஒரு பக்கம் போனது, மறுபக்கம் வந்தது, மறுபடி போனது. ஈரான் ஆட்டக்காரர்கள் மேட் மேலேயே உட்கார்ந்தார்கள், பிறகு நம் ஆட்களும் உட்கார்ந்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் பழைய விதிப்படி 4-க்கு 1 என்று கொடுத்தார்கள். இந்தியா 33-29 என்று ஜெயித்தது. 2018-ல் ஜகார்த்தாவில் அரையிறுதியிலேயே ஈரானிடம் இழந்த தங்கம் திரும்பி வந்தது.

“ஜெயிச்சது நாமதானே, அப்புறம் என்னண்ணே?” என்று கேட்டார் பக்கத்தில் பன் தின்றுகொண்டிருந்தவர். தம்பி அவரை முறைத்தார். எனக்குத் தம்பியைப் பிடித்துப்போனதே அந்த முறைப்பால்தான்.

நான் ஆடிய நாளில் சுண்ணாம்புக் கோடு. பாதி ஆட்டம் முடிவதற்குள் கோடு எல்லார் காலிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். அப்போது சண்டை, கோடு எங்கே இருந்தது என்பதுதான். இன்று மேட் மேல் கோடு அசையாமல் இருக்கிறது, கால் எங்கே பட்டது என்று கேமரா காட்டிவிடுகிறது. சண்டை மட்டும் தீரவில்லை, விதிப்புத்தகத்துக்கு இடம் மாறிவிட்டது.

இது கபடிக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. கிரிக்கெட்டில் 2023 புத்தாண்டு அன்று பிரிஸ்பேனில் மைக்கேல் நீசர் ஒரு கேட்ச் பிடித்தார். பவுண்டரிக்கு வெளியே போய், கால் தரையில் படாமல் எம்பி, காற்றிலேயே பந்தைத் தட்டி, உள்ளே வந்து பிடித்தார். அன்றைய விதிப்படி அவுட். 2025-ல் விதியை இறுக்கினார்கள். எல்லைக்கு வெளியே எம்பி ஒரு தடவைதான் பந்தைத் தொடலாம், அடுத்து உள்ளேதான் கால் ஊன்ற வேண்டும்.

அதே ஆஸ்திரேலியாவில் இன்னொரு ஆட்டம் உண்டு, நீள்வட்ட மைதானத்தில் ஆடும் அவர்கள் ஊர் ஃபுட்பால். பந்து தரையில் பட்டு உருண்டு எல்லையைத் தாண்டினால், எல்லை நடுவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று பந்தைத் தலைக்கு மேலாகப் பின்பக்கம் வீசுவார், இரு அணியிலிருந்தும் ஒருவர் எம்பி அதற்காக மோதுவார். ஆனால் வேண்டுமென்றே வெளியே தள்ளினால் தண்டனை. சிக்கல் அந்த ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லில். காலைப் பார்க்கலாம், பந்தைப் பார்க்கலாம், மனசை எப்படிப் பார்ப்பது? 1925-ல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கடைசியாக யார் மேல் பட்டு வெளியே போனதோ அவர் அணிக்கு எதிராக ஃப்ரீ கிக். 1939-ல் அதைக் கைவிட்டு வீசுவதற்கே திரும்பினார்கள். 2016-ல் தெற்கு ஆஸ்திரேலிய லீக் அந்த யோசனையைத் தூசு தட்டி எடுத்தது. 2026 சீசனிலிருந்து பெரிய லீக்கான ஏஎஃப்எல்-லும் எடுத்துக்கொண்டது, ஆனால் பாதி அளவுக்கு. மைதானத்தின் நடுப்பகுதியில் மட்டும், அதுவும் உதைத்தோ கையால் குத்தியோ அனுப்பிய பந்து வேறு யார் மேலும் படாமல் வெளியே போனால் மட்டும். நூறு வருஷமாக ஒரே கோட்டைச் சுற்றி வருகிறார்கள்!

ஹாங்சோவிலும் அடியில் இருந்தது இதே கேள்விதான். அந்த நான்கு பேரும் வேண்டுமென்று இறங்கினார்களா, ஓடிய வேகத்தில் இறங்கினார்களா? என்னைக் கேட்டால் புரோ கபடி விதி மேல். தான் ஒருவன் செத்து நான்கு பேரை இழுத்துக்கொண்டு போவது திறமைக்கு மார்க் போடுவது ஆகாது. வேகமாக ஓடிவரும் தடுப்பாளரால் ஒரு மீட்டருக்குள் பிரேக் போட முடியாது.

சொல்லி முடித்ததும் தம்பி தலையை ஆட்டினார், ஆமோதித்து அல்ல.

“இல்லண்ணே. மொதல்ல எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. ஆனா கார்னர் நிக்கிறவன் வேலையே கோட்ட மனசுல வெச்சுக்கிட்டு நிக்கிறதுதான். லாபில எறங்குனா ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சா, கண்ண மூடிக்கிட்டு வெரட்டுவேன். பழைய விதி இருந்தாத்தான் காலு ஒழுங்கா நிக்கும்.”

நியாயமில்லை என்று ஆரம்பித்தவர் அந்தப் பக்கம் போய்விட்டார். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. லாபியில் நின்று பழகிய கால் அவருடையது, என்னுடையது ஆட்டத்தை விட்டு நாற்காலிக்குப் பழகிவிட்டது. மேஜையில் நான் போட்ட கட்டத்தைக் கடைக்காரர் துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டுப் போனார்.

“சரி, உங்க பொங்கல் போட்டியில எந்த விதி?”

தம்பி போனில் நோட்டீஸைத் தேடி எடுத்தார். நுழைவுக் கட்டணம், பரிசுத்தொகை, சுழற்கோப்பை, கடைசியில் கொட்டை எழுத்தில் ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’. லாபியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஹாங்சோவில் ஒரு மணி நேரம் ஆனது. நம் தெருவில் ஆனால் நாற்காலி பறக்கும்.

போட்டி நடத்துகிற அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கொட்டை எழுத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. பழைய விதியோ புதிய விதியோ, எது என்று டாஸ் போடுவதற்கு முன்னாலேயே எழுதிவிடுங்கள்.