துப்பாக்கி கெட்டித்தல்

என் தாத்தாவின் இடக்கையில் மூன்று விரல்களே இருந்தன. மானாவாரிக் காட்டில் பன்றி விரட்ட, உரிமம் பெற்று ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். மாலையில் அவர் தம்பி அதைக் கெட்டித்து வைத்திருக்கிறார். அது தெரியாமல் இரவில் தாத்தாவும் ஒருமுறை கெட்டித்தார். குழல் வெடித்தது. "ஏலே, கெட்டிச்சிருக்கா இல்லியான்னு துப்பாக்கி வாயத் தொறந்து சொல்லாதுலே" என்பார்.

கெட்டித்தல் என்ற சொல்லிலேயே செய்முறை அடங்கியிருக்கிறது. குழலின் வாய்வழியே அளந்த கருமருந்தைக் கொட்டி, துணியோ நாரோ திணித்து, ரவையைப் போட்டு, மறுபடி திணித்து, நீண்ட கோலால் இடித்துக் கெட்டியாக்க வேண்டும். திரித்துப்பாக்கியானால், பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்தில் பொடி மருந்து இட்டு, எரியும் திரியையும் அணையாமல் காக்கவேண்டும். மழை வந்தால் போச்சு!

நம் ஊருக்கு அருகிலுள்ள நெற்கட்டும்செவலைக் கர்னல் ஹெரான் 1755-இல் முற்றுகையிட்டுப் பயனின்றித் திரும்பினான். பூலித்தேவரின் வீரத்தைப் பாடும் நாம், அக்காலத் துப்பாக்கியின் வேகத்தையும் எண்ணிப் பார்க்கலாம். கும்பெனிச் சிப்பாயிடம் இருந்தது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. மருந்தும் குண்டும் காகிதத்தில் சுற்றித் தயாராக இருந்தும், நன்கு பழகியவனே நிமிடத்துக்கு மூன்று முறைதான் சுடுவான். ஒரு வேட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே இருபது விநாடி! பாளையக்காரர் படையின் நீண்ட ஈட்டிக்கு அந்த இருபது விநாடி பெரிய வாய்ப்பு அன்றோ?

தாத்தா செய்த பிழையைப் பெரும்படைகளும் செய்துள்ளன. 1863-இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பொறுக்கிய துப்பாக்கிகளில் பல்லாயிரம், ஒன்றுக்கு மேற்பட்ட முறை கெட்டிக்கப்பட்டிருந்தன. போர்க்கூச்சலில் தன் துப்பாக்கி வெடித்ததா என்பதே வீரனுக்குத் தெரியவில்லை.

பின்புறம் திறந்து தோட்டா இடும் முறை வந்தபின் இக்குழப்பம் தீர்ந்தது. திறந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அரைத் தானியங்கி வந்ததும் பழைய ஆபத்து வேறு வேடத்தில் திரும்பியது. ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1902 முதல் பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பன்னிரண்டு போர் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். (ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு சம குண்டுகள் வார்த்தால் ஒரு குண்டின் விட்டம் எதுவோ, அதுவே குழலின் அளவு.) அடைப்பைப் பின்னிழுத்து, பக்கவாயில் வழியாக ஒரு தோட்டாவை இட்டு மூடவேண்டும். பிறகு அடிப்புறமாகக் கட்டைவிரலால் நான்கு தோட்டாக்களை, குழலின் கீழுள்ள உறைக்குள் ஒவ்வொன்றாகத் தள்ளவேண்டும். சுட்டதும், உதைப்பின் விசையில் குழலும் அடைப்பும் சேர்ந்தே பின்னோடுகின்றன. வெற்றுத் தோட்டா வெளியே விழ, அடுத்தது தானே மேலேறி அறைக்குள் அமர்கிறது. கெட்டிப்பவன் இப்போது மனிதன் அல்லன்.

ஆகவே, உறையைக் காலி செய்தவன் துப்பாக்கியே காலி என்று நம்பிவிடுகிறான். அறைக்குள் ஒன்று காத்திருக்கும். என்.சி.சி. முகாமில் எங்களுக்குத் தந்தது எளிய .22 ரைபிள்தான், எனினும் சுட்டு முடிந்ததும் அடைப்பைத் திறந்து காட்டாமல் எவரும் எழ முடியாது. கண்ணால் பார்த்ததோடு விடாமல் சுண்டுவிரலை விட்டும் பார்ப்பேன். நண்பர்கள் சிரித்தார்கள்.

தாத்தாவும் அந்த விபத்துக்குப்பின் ஒரு வழி கண்டார். வெறுங்குழலில் கோலை அடிவரை விட்டு, வாயோரம் நிற்கும் இடத்தில் அரத்தால் ஒரு கோடு போட்டார். கோடு வெளியே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது. துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துப் பல ஆண்டுகளாகின்றன; அந்தக் கோடு போட்ட கோல் இன்றும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது.