வீட்டுக் கணினிச் சந்தைப்படுத்தல்

வீட்டுக் கணினிச் சந்தைப்படுத்தல் என்பது 1970களின் பிற்பகுதியிலும் 1980களின் முற்பகுதியிலும் ஐக்கிய அமெரிக்காவில் கணினியை வீட்டுப் பயன்பாட்டுப் பொருளாக விற்பதற்கு உற்பத்தியாளர்கள் கையாண்ட விளம்பர, விலை, விற்பனை முறைகளைக் குறிக்கும். வீட்டில் கணினியால் என்ன பயன் என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லாத காலத்திலேயே அதனை விற்கவேண்டியிருந்தது இதன் சிறப்பியல்பாகும்.

பின்னணி

1975இல் அறிமுகமான ஆல்ட்டேர் 8800, மின்னணுவியல் ஆர்வலர்கள் தாமே பொருத்திக்கொள்ளும் பாகத் தொகுப்பாக விற்கப்பட்டது. 1977இல் ஆப்பிள் II, கொமடோர் பெட், டிஆர்எஸ்-80 ஆகிய மூன்றும் முழுமையாகப் பொருத்தப்பட்ட நிலையில் வெளிவந்தன. இதனால் தொழில்நுட்பம் அறியாதவர்களையும் வாடிக்கையாளர்களாகக் கருத முடிந்தது. அவ்வாண்டில் வெளியான ஆப்பிள் II விளம்பரம் ஒன்றில், கணவர் சமையலறை மேசையில் கணினியை இயக்க, மனைவி சமையல் வேலையினூடே அவரைப் பார்த்துப் புன்னகைக்கிறார்.

விளம்பர வாக்குறுதிகள்

வரவு செலவுக் கணக்கு, சமையற்குறிப்புச் சேமிப்பு, பிள்ளைகளின் கல்வி ஆகியவை விளம்பரங்களில் அடிக்கடி இடம்பெற்றன. எனினும் ஒலிநாடாவிலிருந்து நிரலை ஏற்றுவதற்கே பல நிமிடங்கள் ஆயின. கணக்கைக் குறிப்பேட்டில் எழுதுவது இதைவிட எளிதாக இருந்தது. எனவே கல்வி பற்றிய வாக்குறுதியே வலுவானதாக அமைந்தது. 1981இல் ஏறத்தாழ 300 டாலர் விலையில் அமெரிக்காவில் வெளிவந்த விக்-20 கணினிக்கு நடிகர் வில்லியம் சாட்னர் விளம்பரத் தூதராக இருந்தார். விளையாட்டுக் கருவியை மட்டும் வாங்குவதைவிடப் பிள்ளைக்குக் கற்கவும் உதவும் கணினியை வாங்குவதே மேல் என்பது அவ்விளம்பரங்களின் கருத்தாகும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் தனது டிஐ-99/4ஏ கணினிக்கு நடிகர் பில் காசுபியைப் பயன்படுத்தியது. விக்-20, பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தாண்டி விற்பனையான முதற் கணினியாகும்.

விலைப்போர்

கணினிகள் தனிச்சிறப்புக் கடைகளிலிருந்து பல்பொருள் அங்காடிகளுக்கும் விளையாட்டுப்பொருள் கடைகளுக்கும் பரவியபோது, விலையே முதன்மையான விற்பனை உத்தியாயிற்று. கொமடோர் நிறுவனம் 1976இலேயே மாஸ் டெக்னாலஜி என்ற சில்லு உற்பத்தி நிறுவனத்தை வாங்கியிருந்ததால், அதன் உற்பத்திச் செலவு குறைவாக இருந்தது. 1982இல் 595 டாலருக்கு வெளிவந்த கொமடோர் 64, 1983இன் நடுப்பகுதியில் சுமார் 200 டாலராகக் குறைந்தது. பழைய கணினியையோ விளையாட்டுக் கருவியையோ கொடுப்போருக்கு 100 டாலர் கழிவு வழங்கப்பட்டது. சிலர் மலிவான டைமெக்ஸ் சின்கிளேர் 1000 கணினியை வாங்கி, அதையே கொடுத்து இக்கழிவைப் பெற்றனர். டிஐ-99/4ஏயின் விலை 99 டாலராகக் குறைக்கப்பட்டும் நட்டம் தொடர்ந்ததால், 1983 அக்டோபரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வீட்டுக் கணினித் துறையிலிருந்து விலகியது.

தாக்கம்

கல்விக்கென வாங்கப்பட்ட பல கணினிகள் பெரும்பாலும் விளையாட்டுகளுக்கே பயன்பட்டன; பல, பெட்டிக்குள் முடங்கின. மறுபுறம், இயக்கியவுடன் பேசிக் மொழி திரையில் தோன்றியதால், பல சிறுவர்கள் தாமாகவே நிரலாக்கம் கற்றனர். ஆனால் இவ்வாய்ப்பு பெண்பிள்ளைகளுக்குச் சமமாகக் கிட்டவில்லை. விளம்பரங்கள் பெரும்பாலும் ஆண்களையும் சிறுவர்களையுமே காட்டின. கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்களிடையே 1990களில் ஆய்வு நடத்திய ஜேன் மார்கோலிசு, வீடுகளில் கணினி பெரும்பாலும் மகனுக்கு உரியதாகவே கருதப்பட்டதைக் கண்டறிந்தார். அமெரிக்காவில் கணினியியல் இளநிலைப் பட்டம் பெற்றோரில் பெண்களின் பங்கு 1984இல் சுமார் 37 விழுக்காடாக உச்சத்தை எட்டி, 2010 அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே சென்றது. இவ்வீழ்ச்சிக்குச் சந்தைப்படுத்தல் மட்டுமே காரணம் அன்று எனினும், அதுவும் ஒரு காரணியாகச் சுட்டப்படுகிறது.