பிள்ளை வாயால் மூச்சு விடுகிறதா?

உங்கள் பிள்ளை தடிமன் இல்லாத நாட்களிலும் வாயைத் திறந்தபடி தூங்குகிறதா? குறட்டை விடுகிறதா? கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறதா? மூக்கின் பின்புறம், அண்ணத்துக்கு மேலே உள்ள அடினொயிட் சதை வீங்கியிருக்கலாம்.

கிருமிகளைத் தடுக்கும் இந்தச் சதை எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. சுமார் 3 முதல் 7 வயது வரை பெரிதாக இருந்து, பின்னர் தானாகவே சுருங்கும். ஆகவே பல பிள்ளைகளுக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படாது.

வீட்டில் செய்யக்கூடியவை

• பல வருடங்கள் பற்றை மூடிக் கிடந்த வளவைத் துப்புரவாக்கும் நாளிலும், சீமெந்து குழைக்கும் நாளிலும் பிள்ளையை உறவினர் வீட்டில் விடுங்கள். குப்பையை வீட்டருகே எரிக்க வேண்டாம்.

• தற்காலிகக் கொட்டிலில் விறகடுப்பைப் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். நுளம்புத்திரிக்குப் பதிலாக வலை கட்டுங்கள். வீட்டுக்குள் புகைபிடிக்க வேண்டாம்.

• கொதித்தாறிய நீர் 250 மில்லிலீற்றரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் சில சொட்டு விடுங்கள். தினமும் புதிதாகத் தயாரியுங்கள். கிணற்று நீரை அப்படியே பாவிக்க வேண்டாம்.

• மூக்கில் எண்ணெய் விட வேண்டாம். அது நுரையீரலுக்குள் போகக்கூடும்.

வைத்தியர் தரும் சிகிச்சை

மூக்கில் அடிக்கும் ஸ்ரெரொயிட் ஸ்பிறே வீக்கத்தைக் குறைக்கும். ஓரிரு நாளில் பலன் தெரியாது. வைத்தியர் சொன்ன வாரங்கள் முழுவதும் தொடருங்கள். ஒவ்வாமை இருந்தால் அதற்கும் மருந்து தரப்படும். மூக்கடைப்புக்கான சொட்டு மருந்தை நீங்களாகவே வாங்கிப் பாவிக்க வேண்டாம். நாட்கணக்கில் விட்டால் அடைப்பு கூடும்.

எங்கே போவது?

முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். தெல்லிப்பழை அல்லது பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையில் காட்டலாம். தேவைப்பட்டால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். முகாமில் இருந்தபோது தந்த கிளினிக் கொப்பியையும் மருந்துத் துண்டுகளையும் கொண்டுபோங்கள். சிகிச்சையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தாமதிக்க வேண்டாம்

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலோ, காது கேட்பது குறைந்தாலோ விரைவில் வைத்தியரிடம் காட்டுங்கள். இப்படியான பிள்ளைகளுக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். மூச்சுவிடத் திணறி உதடு நீலமானால் உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

புதிய பாடசாலையில் சேர்க்கும்போது ஆசிரியரிடம் சொல்லி, பிள்ளையை முன்வரிசையில் இருத்துங்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளையைக் கவனமில்லாத பிள்ளை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது.