பழைய கித்தாரும் அவசர ஒட்டும்



நமது பங்குகள் பலவற்றில் பாடகர் குழுவின் அறையைத் திறந்து பார்த்தால், உறை கிழிந்த ஒரு பழைய கித்தார் சுவரோரம் சாய்ந்து நிற்பதைக் காணலாம். யாரோ ஒரு குடும்பத்தார் அன்பளிப்பாகக் கொடுத்தது. ஒரு காலத்தில் எல்லாத் திருவிழாக்களிலும் ஒலித்தது. பின்னர் எங்கோ விட்டது. கைக்குக் கிடைத்த பசையால் ஒருவர் ஒட்டினார். மீண்டும் விட்டது, இன்னொருவர் திருகு போட்டு முடுக்கினார். இன்று அதை எடுத்து வாசித்தால் விரல் நோகிறது, சுருதி நிற்பதில்லை. "போட்டுவிட்டுப் புதிது வாங்குவோம்" என்கிறார்கள் சிலர். "அது அவர்கள் நினைவாகக் கொடுத்ததாயிற்றே" என்கிறார்கள் வேறு சிலர். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் முடிவெடுக்கும் முன் அந்தக் கித்தாருக்கு உண்மையில் என்ன நேர்ந்திருக்கிறது, அதை எவ்வாறு சீர்செய்யலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பவற்றை நாம் அறிந்திருப்பது நல்லது.

பழையது என்றால் பயனற்றதா?

1818-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முந்தைய இரவில், ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ஃப் என்ற ஊரின் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் 'அமைதி இரவு' பாடல் முதன்முதலாகப் பாடப்பட்டது. அதற்குத் துணையாக ஒலித்தது ஒரு கித்தார். பாடலின் வரிகளை எழுதிய அருள்பணியாளர் யோசேப் மோர் அவர்களின் கித்தார், ஹல்லைன் நகரிலுள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் ஒரு கித்தார் நிலைத்திருக்க முடியும் என்பதற்கு இது சான்று.

நம் கையிலுள்ள பழைய கித்தார்களிலும் மதிப்புள்ளவை உண்டு. சிகாகோவில் 1892-இல் தொடங்கப்பட்டு 1975-இல் மூடப்பட்ட ஹார்மனி நிறுவனத்தின் சில கித்தார்களை எடுத்துக்கொள்வோம். சாதாரண மக்கள் வாங்கும் விலையில் விற்கப்பட்டபோதும், அவற்றில் பலவற்றின் மேற்பலகை, ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழு ஸ்புரூஸ் மரத்தால் ஆனது. இன்று மலிவு விலையில் கிடைக்கும் புதிய கித்தார்கள் பெரும்பாலும் ஒட்டுப்பலகையால் செய்யப்படுபவை. எனவே, பழையதை எறிந்துவிட்டு மலிவான புதியதை வாங்குவது எப்போதும் ஆதாயம் என்று சொல்லிவிட முடியாது.

கித்தார் ஏன் விட்டுப்போகிறது?

ஆறு எஃகுத் தந்திகளைச் சுருதி சேர்த்தவுடன் அவை ஒரு கித்தாரை ஏறக்குறைய 70 கிலோ எடைக்கு இணையான விசையோடு இழுக்கின்றன. ஒரு பெரிய ஆளின் எடை அது! இந்த இழுவையைத் தாங்குவது 3 மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஒரு மேற்பலகையும், அதன்மேல் ஒட்டப்பட்ட பிரிட்ஜும்தான். பலகைக்கு அடியில் ஒட்டப்பட்டுள்ள மெல்லிய மரச்சட்டங்கள் அதற்குத் துணை நிற்கின்றன.

நைலான் தந்திகளின் இழுவை இதில் பாதியளவை ஒட்டியே இருக்கும், அதாவது ஏறக்குறைய 40 கிலோ. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த அன்டோனியோ தெ டோரெஸ் (1817-1892) செம்மைப்படுத்திய விசிறிச் சட்ட அமைப்பு இந்த மென்மையான இழுவைக்கு ஏற்றது. எஃகுத் தந்திக் கித்தார்களிலோ, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் வளர்த்தெடுத்த குறுக்குச் சட்ட அமைப்பு பெரிதும் பின்பற்றப்படுகிறது. பாடகர் குழுக்களில் நேரும் சேதங்களுக்கு ஒரு முக்கியக் காரணம் இங்கேதான் இருக்கிறது. சத்தம் கூடுதலாக வரவேண்டும் என்று நைலான் தந்திக் கித்தாரில் எஃகுத் தந்தி கட்டிவிடுகிறோம். சில மாதங்களில் பலகை உப்புகிறது, பிரிட்ஜ் பெயர்கிறது. தலைப்பகுதியில் நீளமான இரண்டு திறப்புகளும், பிரிட்ஜில் தந்தியைச் சுற்றி முடிச்சிடும் துளைகளும் இருந்தால் அது நைலான் தந்திக்கு உரிய கித்தார். அதில் எஃகுத் தந்தி கட்டவே கூடாது.

அவசர ஒட்டு செய்யும் கேடு

தவறாக ஒட்டியவர் கித்தாரின் பகைவர் அல்லர். ஞாயிறு திருப்பலிக்குள் அது ஒலிக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் செய்திருப்பார். ஆயினும் விளைவு விளைவுதான். பெயர்ந்த பிரிட்ஜை எபாக்சி பசையால் ஒட்டினால், அது மர இழைகளுக்குள் இறங்கி இறுகிவிடுகிறது. அடுத்த முறை பெயரும்போது பலகையின் இழைகளையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வருகிறது. விரிசலில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தால், ஈரக்காற்றில் மரம் விரியும்போது அந்த அடைப்பே ஆப்பாக மாறி விரிசலை நீட்டுகிறது.

பிரிட்ஜில் திருகு இருப்பதாலேயே அதைத் தவறான பழுதுபார்ப்பு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சில பழைய கித்தார்களில் தொழிற்சாலையிலேயே திருகாணி பொருத்தி, அதன்மேல் முத்துச்சிப்பிப் பொட்டு வைத்து மறைத்திருப்பார்கள். பொட்டு இல்லாமல், கோணலாக, பலகையைத் துளைத்துப் பின்னாளில் இறக்கப்பட்ட திருகே நாம் கவலைப்பட வேண்டியது.

பழைய கைவினைஞர்கள் பயன்படுத்திய பசை, நம் தச்சர்கள் நன்கு அறிந்த வச்சிரப் பசைதான். விலங்குத் தோலிலிருந்து எடுக்கப்படும் அது காய்ந்தபின் கல்போல் இறுகி நிற்கும், இழுவைக்கு நழுவாது. அதே சமயம் சூடும் ஈரமும் பட்டால் இளகிப் பிரியும். அதாவது, பின்னாளில் ஒருவர் திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்பதற்கும் அது இடம் வைக்கிறது.

முதலில் சோதனை

எதையும் பிரிக்கும் முன் பொறுமையாகப் பார்க்க வேண்டும். சிறு கண்ணாடியையும் விளக்கையும் ஒலித்துளை வழியாக விட்டு உள்ளே பார்க்கலாம். மேற்பலகையை விரல் மூட்டால் இடம் இடமாகத் தட்டினால், சட்டம் விட்ட இடத்தில் 'சர்' என்ற அதிர்வு கேட்கும். ஒரு மெல்லிய தாள் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே நுழைந்தால், அங்கே ஒட்டு விட்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்து, நேரான நீண்ட அளவுகோல் ஒன்றைக் கழுத்தின் நடுவே ஃப்ரெட்டுகளின்மேல் வைத்துப் பிரிட்ஜ் வரை நீட்ட வேண்டும். அதன் முனை பிரிட்ஜின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் நின்றால் கழுத்தின் கோணம் சரி. பிரிட்ஜின் முகப்பில் தாழ்வாகப் போய் முட்டினால், பல ஆண்டு இழுவையில் கழுத்து முன்னோக்கிச் சாய்ந்துவிட்டது. இந்தச் சோதனைதான் செலவைத் தீர்மானிக்கும்.

பிரிப்பதும் ஒட்டுவதும்

வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உள்சட்டங்கள், பிறகு விரிசல்கள், அதன்பின் பிரிட்ஜ், கழுத்து, ஃப்ரெட்டுகள், கடைசியாக நட்டும் சேடிலும். தந்திகளின் உயரத்தை முதலில் சரிசெய்துவிட்டுப் பிறகு சட்டத்தை ஒட்டினால், பலகையின் வடிவம் மாறி முன்பு செய்த வேலை வீணாகிவிடும்.

பிரிட்ஜை எடுக்க, திருகுகளை முதலில் கழற்றிவிட்டு, பிரிட்ஜை மெதுவாகச் சூடாக்கி, மெல்லிய தகட்டுக் கத்தியை மர இழையின் போக்கைப் பார்த்து நுழைக்க வேண்டும். எபாக்சியும் சூட்டில் ஓரளவு இளகும். ஆனால் அவசரப்பட்டு நெம்பினால் பலகை பிய்ந்துவிடும். பிறகு பழைய பசை முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். வேறு பசை படிந்த மரத்தில் வச்சிரம் பிடிக்காது. பிய்ந்த இடங்களுக்கு அதே வகை மரத்துண்டுகளை இழை பொருந்துமாறு பதித்து, சமமாக்கிய பின்னரே பிரிட்ஜை ஒட்டலாம். ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் வச்சிரத்தைத் தடவி, அது ஆறுவதற்குள் கிளாம்பு போட வேண்டும். ஒருநாள் முழுவதும் கை வைக்காமல் விடுவதே நல்லது.

வறட்சியால் வந்த விரிசலுக்கு, ஒட்டும் முன் கித்தாரைச் சில நாள்கள் மிதமான ஈரக்காற்றில் வைத்தால், பல விரிசல்கள் தாமாகவே நெருங்கிவரும். அதன்பின் பசையை விரலால் அழுத்தி உள்ளே செலுத்தி, உட்புறம் இழைக்குக் குறுக்காகச் சிறு ஸ்புரூஸ் துண்டுகளை ஒட்டினால் போதும்.

வாசிக்க ஏற்றதாக அமைத்தல்

விரல் நோகக் காரணம் தந்திகளின் உயரம். 12-ஆம் ஃப்ரெட்டில் தடித்த தந்திக்குக் கீழே ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டரும், மெல்லிய தந்திக்குக் கீழே 1.8 மில்லிமீட்டரும் இடைவெளி இருந்தால், எஃகுத் தந்திக் கித்தாருக்குப் பொதுவாகப் பொருந்தும்.

இங்கே ஒரு கணக்கு. 12-ஆம் ஃப்ரெட்டில் 1 மில்லிமீட்டர் குறைக்க, சேடிலில் 2 மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். தடித்த தந்தி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று கொள்வோம். 2.5-க்குக் கொண்டுவர, சேடிலில் 3 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். சேடில் வெளியே தெரிவதோ 2 மில்லிமீட்டர்தான் என்றால் என்ன செய்வது? சேடிலை முழுவதும் தேய்த்தாலும் போதாது, ஒலியும் மங்கிவிடும். அப்போது கழுத்தைக் கழற்றிக் கோணத்தைத் திருத்துவதே வழி. மூட்டினுள் நீராவி செலுத்திக் கழுத்தைப் பிரித்து, அடியை நூலளவு சீவிப் பொருத்தும் இந்த வேலையைத் தேர்ந்த கைவினைஞரிடம்தான் கொடுக்க வேண்டும்.

கழுத்தினுள் இருக்கும் இரும்புக் கம்பியை முடுக்கினால் எல்லாம் சரியாகும் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்தக் கம்பி கழுத்தின் வளைவைத்தான் திருத்தும், சாய்ந்த கோணத்தைத் திருத்தாது. ஆறாவது தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் 14-ஆம் ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், நடுவில் இரண்டு தாள்கள் நுழையும் அளவு இடைவெளி போதும். முடுக்க நேர்ந்தால் ஒருமுறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். சில பழைய கித்தார்களில் திருப்பக்கூடிய கம்பியே இராது.

எங்கே நிறுத்துவது?

பங்கின் பணம் மக்களின் காணிக்கை. ஆகவே, வேலையைத் தொடங்கும் முன் கைவினைஞரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவோம்: "கழுத்தைக் கழற்ற வேண்டியிருக்குமா?" வேண்டாம் என்றால், முழு மரப் பலகை கொண்ட பழைய கித்தாருக்குச் செலவழிப்பது பெரும்பாலும் தகும். வேண்டும் என்றால், கித்தாரின் தரத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம். ஒட்டுப்பலகைக் கித்தாருக்கு அவ்வளவு செலவு தகாது என்று அவர் சொன்னால், அதை ஏற்றுக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை. சட்டங்களை மட்டும் ஒட்டி, மெல்லிய தந்தி கட்டி, அரைச்சுரம் தாழ்த்திச் சுருதி சேர்த்து, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் பழகக் கொடுக்கலாம். கொடுத்தவர்களின் நினைவு அப்போதும் வாழும்.

சீர்செய்த கித்தாரைச் சன்னலோர வெயிலிலும், பூட்டிய காரினுள்ளும், ஈரச்சுவரில் சாய்த்தும் வைக்க வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருப்பது அதற்கு நல்லது. மாதக்கணக்கில் வாசிக்காமல் வைப்பதானால் தந்திகளைச் சற்றுத் தளர்த்திவிடுங்கள்.

நல்ல பழுதுபார்ப்பு ஒன்றுக்கு அடையாளம், நமக்குப் பின் வருபவர் அதைத் திறந்து தொடர முடிவதே. நம் கையோடு எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று இறுக்கி ஒட்டியவைதான் அடுத்தவருக்குச் சுமையாகின்றன. இந்த வாரம் உங்கள் பாடகர் குழு அறையில் இருக்கும் பழைய கித்தாரை எடுத்து, ஓர் அளவுகோலை அதன் கழுத்தின்மேல் வைத்துப் பாருங்கள். எறிவதா, சீர்செய்வதா என்பதைப் பார்த்தறிந்தபின் முடிவு செய்வோம்.